தலை துவட்டியதற்காகத் தகுதிநீக்கம்

1

எனக்கு மூன்றாம் பரிசு கிடைத்ததாக ஊரில், நல்லேப்பிள்ளியில், ஒரு பேச்சு இருக்கிறது. கொழிஞ்சாம்பாறைச் சித்தி அதை இரண்டாம் பரிசு என்கிறார். கோவிந்தாபுரத்தில் காய்கறி மண்டி வைத்திருக்கும் மாமா, அந்த மெடலை அயர்லாந்து அரசாங்கமே கொடுத்தது என்று லாரி டிரைவர்களிடம் சொல்லியிருக்கிறார். மூன்றும் தவறு. அந்த மெடல் பந்தயத்தை முடித்த எல்லோர் கழுத்திலும் போடப்பட்டது. முடிவுக் கோட்டில் நின்ற பெண்ணிடம் ஒரு பெட்டி நிறைய இருந்தது.

இன்று காலை பந்தயக்காரர்களிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. போன வருடம் கலந்துகொண்டதற்கு நன்றி, இந்த வருடமும் வாருங்கள் என்று அன்பாக எழுதியிருந்தார்கள். கீழே என் பெயர். அதற்கு நேராக, நேரம் இருக்க வேண்டிய கட்டத்தில் மூன்று ஆங்கில எழுத்துகள். தகுதிநீக்கம் என்று பொருள். ஒரு வருடமாகியும் அதை யாரும் அழிக்கவில்லை. அழிக்கமாட்டார்கள் என்று தெரியும். இருந்தாலும் பார்த்தேன்.

ஆகவே ஊரில் இருப்பவர்களுக்கு நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம் என்று நினைக்கிறேன். அப்போதே எழுதியிருக்க வேண்டும். அம்மா வருத்தப்படுவார் என்று தள்ளிப்போட்டேன். ஏன் வருத்தப்படுவார் என்பது போகப்போகத் தெரியும்.

பந்தயம் இதுதான். ஏரியில் எழுநூற்றைம்பது மீட்டர் நீந்த வேண்டும். நனைந்த உடம்போடு கரையேறி, சைக்கிளை எடுத்து இருபது கிலோமீட்டர் மிதிக்க வேண்டும். பிறகு சைக்கிளை வைத்துவிட்டு ஐந்து கிலோமீட்டர் ஓட வேண்டும். ட்ரையத்லான் என்று பெயர். இது குறுந்தூரம். நெடுந்தூரமும் உண்டு. அதைச் செய்கிறவர்களை முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

2

எங்களைத் தெரியாதவர்களுக்காக: நான் கவிதா. கேரளத்தின் தமிழ் எல்லையோரம் நல்லேப்பிள்ளியில் நெல் போடும் பழனிச்சாமியின் மூத்த மகள். பக்கத்துச் சித்தூரில் டிகிரி, கோயமுத்தூரில் லேப் படிப்பு. எட்டு வருடமாக அயர்லாந்தின் நடுப்பகுதியில் ஒரு சின்ன ஊரில், ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறேன். பிறருடைய ரத்தத்தில் என்ன தவறு என்று பார்த்து எழுதுவது என் வேலை. வீட்டுக்கு வந்தபின் நான் என்ன தவறு செய்தேன் என்று பார்ப்பேன். அதற்குச் சம்பளம் இல்லை.

என் கணவர் ரமேஷ் அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். மூணாறு பக்கத்து வட்டவடைக்காரர். வட்டவடையில் வயல் எல்லாம் படிப்படியாக மலைச்சரிவில் இருக்கும். அங்கே ஒருவர் கால் தவறினால் தண்ணீரில் விழமாட்டார், கீழ்வீட்டுக்காரர் முட்டைக்கோசில் விழுவார். அதனால் ரமேஷுக்கு நீச்சல் தெரியாது, தெரிய வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

இங்குள்ள மலையாளி சங்கத்தில் எங்களைத் தமிழர்கள் என்பார்கள். ஒரு மணி நேரம் காரில் போனால் வரும் தமிழ்ச் சங்கத்தில் கேரளாக்காரர்கள் என்பார்கள். ஓணத்துக்கு இங்கே சாப்பிடுகிறோம், பொங்கலுக்கு அங்கே.

எங்கள் மகள் அனுவுக்கு அப்போது எட்டு வயது. ஒரு வயதில் இங்கே வந்தவள். தமிழ் பேசுவாள். சட்டம் பேசும்போது மட்டும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவாள். தெருவில் ஒரு வண்டிகூட இல்லாவிட்டாலும் சிக்னலில் பச்சை மனிதன் எரியும்வரை நிற்பாள். ஒருமுறை ரமேஷ் சிவப்பில் கடந்துவிட்டார். வீடு வரும்வரை அவள் அவர் கையைப் பிடிக்கவில்லை. கிறிஸ்துமஸ் மரத்தடியில் மற்றவர் பொட்டலத்தை அசைத்துப் பார்ப்பதுகூட அவளுக்குக் குற்றம். இவள் யாரைக் கொண்டு பிறந்தாள் என்று ரமேஷ் கேட்பார். எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன்.

3

எல்லாம் தொடங்கியது பந்தயத்துக்கு ஒன்றரை வருடம் முன்னால், கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்கு வந்தபோது. இரண்டாம் போக நெல்லுக்கு வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வாய்க்கால்தான். என் தம்பி பிள்ளைகள் இரண்டு பேரும் பாலத்துக் கட்டையிலிருந்து குதித்துக்கொண்டிருந்தார்கள். அனு படியில் இறங்கினாள். முதலில் கணுக்கால், பிறகு முட்டி, பிறகு இடுப்பு. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் கத்தினேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்று நினைவில்லை, வார்த்தையாக இருந்திருக்காது. ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டேன். அவள் கையில் என் விரல் நான்கும் பதிந்திருந்தன. துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"ஏங்கண்ணு, பாம்பா?" என்று கேட்டார் பக்கத்து வீட்டு அக்கா.

"இல்லீங்கக்கா."

"பொறவு என்ன?"

"தண்ணிங்க."

அவர் வாய்க்காலைப் பார்த்தார். அதில் தண்ணீர்தான் இருந்தது. மறுபடி துவைக்க உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் வீட்டில் யாரும் தண்ணீரில் போனதில்லை. காரணமாகச் சொல்ல ஒரு சம்பவமாவது இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். பெண்பிள்ளைகள் மூன்றாம் படி வரைக்கும்தான் என்று வளர்த்தார்கள், நான் மூன்றாம் படியோடு நின்றேன், அவ்வளவுதான். அங்கே நின்று சொம்பில் மொண்டு குளித்துவிட்டு ஏறினால் அம்மா தோர்த்துத் துண்டோடு நிற்பார். "குனி" என்பார். குனிந்தால் தலையைத் துவட்டி, உச்சியில் ஒரு சிட்டிகை ராஸ்னாதிப் பொடி வைத்துத் தேய்ப்பார். பழுப்பு நிறப் பொடி. ஈரம் தலைக்குள் இறங்கிச் சளி பிடிக்காமல் இருக்க எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் வைப்பதுதான். பொடி வைத்தால்தான் குளியல் முடிந்தது. இன்றைக்கும் ஒவ்வொரு லீவு முடிந்து திரும்பும்போதும் ஒரு டப்பா தந்துவிடுகிறார்.

அன்று அனு அழவில்லை. அதன்பிறகு தண்ணீரில் இறங்கவும் இல்லை.

4

இங்கே பள்ளியில் மூன்றாம் வகுப்பில் நீச்சல் உண்டு. வசந்த காலத்திலிருந்து வியாழன்தோறும் பஸ்ஸில் நகராட்சிக் குளத்துக்குக் கூட்டிப் போவார்கள். முதல் வாரம் அனு கரையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் வாரமும் அப்படியே. பிறகு டீச்சர் கையைப் பிடித்து இறக்கினார். அவள் கம்பியை விடவில்லை. ஜூன் மாதம் பள்ளியிலிருந்து ஒரு படிவம் வந்தது. பிள்ளைக்கு நீச்சலிலிருந்து விலக்கு வேண்டுமானால் பெற்றோர் கையெழுத்திட்டுத் திங்கட்கிழமைக்குள் தர வேண்டும். விலக்கு வாங்கினால் அத்தோடு சரி, மறுபடி சேர்க்கமாட்டார்கள்.

அனு படிவத்தையும் பேனாவையும் சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

பெயர், வகுப்பு எல்லாம் எழுதினேன். காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் உண்மையை எழுதுவதென்றால் என் பெயரைத்தான் எழுத வேண்டும். பேனாவை மூடிவைத்தேன்.

அதற்குள் நான் ஒரு வருடமாகப் பெரியவர்களுக்கான நீச்சல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். வாய்க்கால் விஷயத்துக்குப் பிராயச்சித்தம் என்று வைத்துக்கொள்ளலாம். நாற்பது சுற்று வரை நீந்தினேன். எங்கள் டீச்சர்தான் இந்தப் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கச் சொன்னார். பணம் கட்டிவிட்டு, போகாமல் இருந்துவிடலாம் என்ற எண்ணத்தில் இருந்தேன்.

"நீ கையெழுத்துப் போடு," என்றாள் அனு.

"தண்ணிக்குப் பயப்படக் கூடாது கண்ணு. அம்மா நீந்தறேன்ல."

"நீ கால் எட்டற லைன்லதான் நீந்துவே. நா பாத்திருக்கேன். ஆழத்துப் பக்கம் நீ போனதே இல்ல."

உண்மை. குளத்தின் ஓர வரிசையில், எந்த நேரமும் நிற்கலாம் என்ற நம்பிக்கையில்தான் அந்த நாற்பது சுற்றும்.

"நான் ஏரியில நீந்தினா?"

"எந்த ஏரி?"

"ஞாயித்துக்கிழமை பந்தயம் நடக்கற ஏரி. அங்க கால் எட்டாது."

அவள் யோசித்தாள். "ஃபுல்லாவா?"

"ஃபுல்லா."

"போட்ல ஏறாம?"

"ஏறாம."

"அப்ப நானும் ஆழத்துக்குப் போறேன். கம்பிய விட்டுட்டு. ஒரே தடவ. நீ செய்யலன்னா சைன் பண்ணிக் குடுத்துடணும்."

கையை நீட்டினாள். குலுக்கினோம்.

ரமேஷ் அடுப்பில் தோசை போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார். "பிள்ளகிட்டப் போய் பேரம் பேசுதியே. மூணாறு மார்க்கெட்டா இது?" என்றார்.

பிள்ளைகளோடு பேரம் பேசலாமா என்று இணையத்தில் பார்த்தேன். கூடாது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். தவறில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த ஒருவரோடு நிறுத்திக்கொண்டேன்.

5

பந்தயத்துக்கான பதிவில் குடும்பப் பெயர் கட்டாயம். எனக்கு இருப்பது இனிஷியல். பாஸ்போர்ட் எடுத்தபோது அதை விரித்து எழுதச் சொன்னார்கள், அன்றிலிருந்து வெளிநாட்டில் என் குடும்பப் பெயர் பழனிச்சாமி. நெஞ்சில் கட்டிக்கொள்ளும் எண் அட்டையிலும் பெரிய எழுத்தில் அதுதான் அச்சாகி வந்தது.

சைக்கிள் எனக்குப் பிரச்சினை இல்லை. சித்தூர் கல்லூரிக்கு மூன்று வருடம், மலைக் கணவாய் வழியே வீசும் காற்றுக்கு எதிரே லேடீஸ் சைக்கிள் மிதித்தவள். மார்கழியில் அந்தக் காற்று தாவணியைப் பிடித்துப் பின்னால் இழுக்கும். இங்குள்ளவர்கள் காற்று என்று சொல்வதைக் கேட்டு நான் மரியாதைக்குத் தலையாட்டுவேன். ஓட்டம் பஸ்ஸைப் பிடிக்க ஓடிய பழக்கம்தான். இதில் தூரம் கூட, அவ்வளவே.

சனிக்கிழமை போட்டியாளர்களுக்கு விதிகளைச் சொன்னார்கள். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். சைக்கிளைத் தொடுமுன் ஹெல்மெட் போட்டுக் கொக்கி மாட்டியிருக்க வேண்டும். முன்னால் போகிறவரை ஒட்டிப் போகக் கூடாது. தண்ணீரில் முடியாவிட்டால் படகைப் பிடித்து நிற்கலாம். வெளியாள் யாரும் போட்டியாளருக்கு எந்த உதவியும் செய்யக் கூடாது, எதையும் தரக் கூடாது. ரமேஷ் அந்த நேரம் கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வரும் வழியில் அவருக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன்.

"நா என்ன உதவி செய்யப் போறேன்? எனக்கு நீந்தவும் தெரியாது," என்றார். அதோடு அந்த விஷயம் முடிந்ததாக இருவரும் நினைத்தோம்.

அன்று மாலை அம்மாவிடம் சொன்னேன். அதுவரை சொல்லவில்லை.

"குளிக்கறதுக்கு ஏரிக்கா போறே? ஊட்ல பாத்ரூம் இல்லியா?"

"குளிக்க இல்லம்மா. நீந்தறது. பந்தயம்."

"நீந்திட்டு?"

"சைக்கிள்ல போகணும்."

"ஈரத்தோடயா?"

"டிரெஸ் காஞ்சிரும்மா, அது அதுக்குன்னே இருக்கற துணி."

"துணி கெடக்குது. தல?"

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"தலய எங்க தொவட்டுவே?"

"தொவட்ட நேரமிருக்காதும்மா. ஒவ்வொரு நிமிசத்தையும் கணக்குப் பாப்பாங்க."

"மாப்ளகிட்டக் குடு," என்றார்.

போனைக் கொடுத்தேன். ரமேஷ் பால்கனிக்குப் போய் "சரித்தே, சரித்தே" என்று நான்கு முறை சொன்னது கேட்டது. கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அவர் என் அம்மாவிடம் வேறு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. என்ன சொன்னார் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இது என் முதல் தவறு.

6

காலை எட்டு மணிக்கு ஏரியில் மூடுபனி இருந்தது. ரப்பர் உடை போட்டுக்கொண்டு, மஞ்சள் தொப்பி வைத்த பெண்கள் எழுபது பேரோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். அனு கரையில் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, மீட்புப் படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை என்று எண்ணினாள் என்று நினைக்கிறேன். ரமேஷ் போனை உயர்த்திப் பிடித்திருந்தார். ஊரில் பகல் பன்னிரண்டரை. அம்மா, அப்பா, தம்பி குடும்பம் எல்லோரும் டிவி மேல் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஊதல் ஊதியதும் கால் எட்டாமல் போனது. அது எனக்குத் தெரிந்தே நடந்தது, இருந்தாலும் ஒருமுறை காலை இறக்கித் துழாவிப் பார்த்தேன். கீழே ஒன்றும் இல்லை. அதன்பிறகு கொஞ்ச தூரம் நான் நீந்தியதாகச் சொல்ல முடியாது. முதல் மிதவைக்கு அருகில் மூச்சு உள்ளே போகவே இல்லை. சின்னப் படகில் இருந்த பெண் துடுப்பை நிறுத்தி, நலமா என்று கேட்டார். வேண்டுமானால் படகைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார். விதியில் அதற்கு இடம் உண்டு. ஏறாமல் என்றுதான் அனு சொன்னாள், பிடிப்பது அதில் சேருமா என்று எனக்குத் தெரியவில்லை. பெரியவர்கள் விதிக்கும் அவள் விதிக்கும் நடுவில் மிதந்தபடி யோசித்ததில் மூச்சு திரும்ப வந்துவிட்டது. நலம் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

முப்பது நிமிடத்துக்குள் கரை ஏறாதவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் இருபத்தேழில் ஏறினேன். எனக்குப் பின்னால் இரண்டே பேர். ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர், "அருமை, பழனிச்சாமி, அருமை" என்றார்.

"என்ற பேரச் சொல்றாங்களே," என்று அப்பா போனுக்குள் சொன்னதை ரமேஷ் பிறகு சொன்னார். கொஞ்ச நேரம் யாரையும் பேசவிடவில்லையாம்.

சைக்கிள்களை வரிசையாக நிறுத்தியிருந்த இடத்துக்கு ஓடினேன். சுற்றிலும் கயிறு கட்டியிருந்தது. ரப்பர் உடையைக் கழற்றினேன். ஹெல்மெட் போட்டேன். கொக்கியை மாட்டினேன். எல்லாம் நோட்டில் இருந்த வரிசைப்படி. கயிற்றுக்கு அந்தப் பக்கம் மூன்று கஜ தூரத்தில் ரமேஷ் நின்றார். தோளில் தோர்த்துத் துண்டு இருந்தது. அது ஏன் என்று நான் யோசிக்கவில்லை.

அம்மாவின் குரல் போனிலிருந்து தெளிவாகக் கேட்டது. "மாப்ள, தல சொட்டுதுங்க. அவ அப்படியே கெளம்பறாளுங்க."

"பந்தயம்த்தே. நேரமில்ல."

"சித்த நேரங்கூடவா இல்ல? இந்தக் காத்துல போனா நீர் எறங்கிக்குமுங்க. நாளைக்குக் காச்சல்ல படுத்தான்னா புள்ளய ஆரு பாப்பாங்க? நீங்க டூட்டிக்குப் போயிருவீங்க."

ரமேஷ் போனைச் சட்டைப் பையில் போட்டார். கயிற்றைத் தாண்டினார். என் தாடைக்கு அடியில் கை வைத்து ஹெல்மெட் கொக்கியைக் கழற்றினார்.

அப்போது நான் விலகியிருக்க வேண்டும். ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், நிறுத்தியிருப்பார். ஆனால் அவர் சட்டைப் பையிலிருந்து அம்மா "குனி கண்ணு" என்றார். நான் குனிந்தேன். முப்பத்திரண்டு வயதில், எண் கட்டிக்கொண்டு, அயர்லாந்தில். துண்டு தலையில் விழுந்தது. அழுத்தித் துவட்டினார். டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. உச்சியில் ஒரு சிட்டிகை, நன்றாகத் தேய்த்தார். நர்ஸ் என்பதால் கை சுத்தமாக இருந்தது.

"ஆச்சுத்தே," என்றார்.

ஊதல் சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது மஞ்சள் கோட்டு போட்ட நடுவர் அம்மாள் பக்கத்தில் நின்றார். என் எண்ணைக் குறித்துக்கொண்டார். பந்தயத்தைத் தொடரலாம், முடித்ததும் மேசைக்கு வாருங்கள் என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. இப்படி ஒன்றை அவர் முன்பு பார்த்திருக்கவில்லை என்று மட்டும் தெரிந்தது.

இருபது கிலோமீட்டரும் ஐந்து கிலோமீட்டரும் நான் வேறெதையும் நினைக்கவில்லை. ஏன் குனிந்தேன் என்று சைக்கிளில் யோசித்தேன். குனியாமல் இருந்திருந்தால் அம்மா என்ன நினைத்திருப்பார் என்று ஓட்டத்தில் யோசித்தேன். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ரோட்டில் எத்தனையோ முறை சைக்கிள் விட்டிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் காது வலிக்கும். அன்று வலிக்கவில்லை.

7

மேசையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மஞ்சள் கோட்டு அம்மாளும், கண்ணாடி போட்ட ஒரு முதியவரும். முதியவரிடம் படிவம் இருந்தது. ரமேஷிடம் டப்பாவைக் காட்டச் சொன்னார். மோந்து பார்த்தார். அந்த அம்மாளிடம் கொடுத்தார், அவரும் மோந்து பார்த்தார்.

"இது என்ன பொருள்?"

வார்டில் ரமேஷ் ஷிப்ட் ஒப்படைத்தால் ஒரு மாத்திரை விடாமல் சொல்வார் என்று பெயர். "தலையில் தண்ணீர் இறங்காமல் இருக்க," என்றார்.

முதியவர் ஏரியைப் பார்த்தார். எழுதிக்கொண்டார்.

"இதனால் போட்டியாளருக்கு ஏதாவது அனுகூலம் உண்டா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "உண்டு," என்றார் ரமேஷ். "காய்ச்சல் வராது."

அதையும் எழுதிக்கொண்டார். இது உதவியில் சேராது, குளித்தால் தலை துவட்டுவது குளியலில் சேர்ந்தது என்று ரமேஷ் விளக்கினார். மூன்றாவது முறை விளக்கும்போது, யாரும் கேட்காமலே அனு முன்னால் வந்து ஆங்கிலத்தில் சொன்னாள்: "அப்பா கயிற்றைத் தாண்டினார். ஹெல்மெட்டைக் கழற்றினார். அம்மா குனிந்தாள். அது விதிக்கு விரோதம்."

நடுவர்கள் இருவரும் அவளை மரியாதையோடு பார்த்தார்கள். முதியவர் கடைசி வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆட்சேபம் இருந்தால் அதற்குத் தனிப் படிவம் உண்டு என்றார்.

"குடுங்க," என்று ரமேஷ் கை நீட்டினார்.

"என்னன்னு ஆட்சேபிப்ப? அது நடந்துதே," என்றாள் அனு தமிழில். ரமேஷ் கையை மடக்கிக்கொண்டார்.

"ஒன் மகளா, அவங்க மகளா?" என்று என்னிடம் கேட்டார்.

கார் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். அம்மா போனில் வந்தார். காச்சல் இருக்குதா என்று கேட்டார். இல்லையம்மா என்றேன். "பாத்தியா," என்றார். தகுதிநீக்கத்தை நான் சொல்லாமல் விட்டேன். கழுத்து மெடலைப் பார்த்துவிட்டு எத்தனாவது என்று கேட்டார். ரமேஷ் போனை வாங்கி, "நல்லா வந்தாத்தே," என்றார். நல்லேப்பிள்ளியில் வழங்கும் மூன்றாம் பரிசு அந்த வாக்கியத்திலிருந்து பிறந்தது.

போனை வைத்ததும் அனுவிடம் சொன்னேன். "அம்மாவத் தகுதிநீக்கம் பண்ணிட்டாங்க கண்ணு. அதனால நம்ம பேச்சு செல்லாது. நாளைக்குப் படிவத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்தர்றேன்."

இதைச் சொன்னபோது எனக்கு எப்படி இருந்தது என்றும் எழுத வேண்டும். நிம்மதியாக இருந்தது. அவள் ஆழத்துக்குப் போக வேண்டியதில்லை. நான் அதைப் பார்க்க வேண்டியதில்லை. ஏரியை நீந்திக் கடந்த அதே நாளில், இரண்டு மணி நேரம் கழித்து, நான் அப்படித்தான் இருந்தேன்.

அனு மென்றுகொண்டிருந்ததை விழுங்கினாள். "நீ போட்ல ஏறுனியா?"

"இல்ல."

"பிடிச்சியா?"

"பிடிக்கல."

"கால் எட்டுச்சா?"

"எட்டல. தேடிப் பாத்தேன்."

"அப்பா வந்தது தண்ணிக்கு அப்புறம்தான?"

"ஆமா."

"நாம தண்ணியப் பத்தி மட்டும்தான் சொன்னோம். சைக்கிள் பத்திச் சொல்லல." ஸ்பூனைக் கீழே வைத்தாள். முகம் வெளுத்திருந்தது. யாராவது மறுத்துச் சொல்வார்களா என்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப நா போகணும்," என்றாள்.

"வேணும்னா அடுத்த வருசம்..." என்று தொடங்கினேன்.

"அம்மா. கை குடுத்தோம்ல."

மீதிச் சோற்றை அவள் சாப்பிடவில்லை. ரமேஷ் மூன்று பேர் தட்டையும் எடுத்துக் கொட்டிவிட்டு, கார்க் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு எங்களுக்காக வெகுநேரம் நின்றார்.

8

வியாழக்கிழமை லேபில் ஷிப்ட் மாற்றிக்கொண்டு குளத்துக்குப் போனேன். பெற்றோர் மாடியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார வேண்டும். பிள்ளைகளைக் கூப்பிடவோ கண்ணாடியைத் தட்டவோ கூடாது என்று எழுதி ஒட்டியிருந்தது. கூப்பிட்டாலும் கேட்காது என்றும் தெரிந்துகொண்டேன், பக்கத்தில் இருந்த அம்மாளிடம் விசாரித்து.

காலையில் வீட்டுக் கண்ணாடியில் ஒரு முகத்தைப் பழகி வைத்திருந்தேன். லேசான புன்சிரிப்பு, புருவம் தளர்ந்து, கவலையில்லாத முகம். நன்றாகத்தான் வந்தது.

அனுவின் முறை வந்தது. ஆழமான பக்கத்து ஏணியில் இறங்கினாள். டீச்சர் கரையில் நீளக் கம்போடு நடந்து வந்தார். அனு ஏணியைப் பிடித்தபடி கழுத்தளவில் நின்றாள். அவளுக்குப் பின் வரிசையில் நின்ற பிள்ளை உடம்பைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தது. டீச்சர் ஏதோ சொன்னார். அனு தலையாட்டினாள். விட்டாள்.

நான்கு வீச்சு போனாள். ஐந்தாவதில் தலை உள்ளே போய்விட்டது. நீலத் தொப்பி தண்ணீருக்குக் கீழே தெரிந்தது. பிறகு மேலே வந்து, இருமிக்கொண்டு, வரிசைகளைப் பிரிக்கும் மிதவைக் கயிற்றைப் பற்றினாள். டீச்சர் கம்பை நீட்டினார். அனு கம்பைப் பார்க்கவில்லை. மாடியைப் பார்த்தாள். ஒவ்வொரு இருக்கையாகத் தேடி என்னைக் கண்டுபிடித்தாள்.

காலையில் பழகிய முகம் அப்போது வரவில்லை. எங்கே போனது என்று தெரியவில்லை. இருந்தது என் வழக்கமான முகம்தான். அதை மறைக்கவும் நேரமில்லை. என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன், எழுந்திருக்கவில்லை.

அனு அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்கு அது தெரிந்த முகம். பிறகு, அது அங்கேயே உட்கார்ந்திருக்கட்டும் என்று விட்டுவிட்டவள் போலத் திரும்பி, எதிர்க் கரையைப் பார்த்து, கயிற்றிலிருந்து கையை எடுத்தாள்.